அலுமினியம் இல்லாத டியோ: காரைக்குடி வெயிலுக்கு எது தாங்கும்?

சித்திரை பிறந்ததிலிருந்து எங்கள் மருந்துக் கடையில் ஒரே கேள்வி. "அக்கா, அலுமினியம் இல்லாத டியோ இருக்கா?" கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள். கையில் போன், போனில் ஒரு விளம்பரம்: பச்சை இலை, மரக்கிண்ணம், வெண்ணெய் மாதிரி ஒரு கிரீம், கீழே "24 மணி நேரப் பாதுகாப்பு, ரசாயனம் இல்லை" என்று எழுத்து.

போன வாரம் ஒரே நாளில் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி ஆனியில் கல்யாணம் வைத்திருக்கும் பெண். ஒருவர் பள்ளத்தூரிலிருந்து வந்த ஆசிரியர். நாள் முழுக்கக் கரும்பலகைக்குக் கையைத் தூக்குபவர். மூன்றாவது ஒரு ஆச்சி. அவருக்கு வேண்டியது பேரனுக்கு. "பதினாலு வயசு ஆச்சும்மா. சட்டையக் கழட்டிப் போட்டான்னா வளவு பூரா வாடை" என்றார். பின்னால் நின்றிருந்த பேரன் போனிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

மூவருக்கும் ஒரே பொருளை எடுத்து நீட்ட எனக்கு மனம் வரவில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்றபடி சொல்லவும் நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

## முதலில் தராசு, அப்புறம் சரக்கு

டியோ வாங்குவதற்கு முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தொல்லை ஈரமா, நாற்றமா? இரண்டும் வேறு வேறு. இதைப் பிரிக்காமல் வாங்குவதால்தான் பாதிப் பேருடைய காசு வீணாகிறது.

நம் உடம்பில் வேர்வைச் சுரப்பிகள் இரண்டு வகை. எக்ரைன் சுரப்பி உடம்பு முழுக்க உண்டு. அதில் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். உடம்பைக் குளிர்விக்க வருவது. அப்போக்ரைன் சுரப்பி அக்குள், தொடையிடுக்கு போன்ற சில இடங்களில்தான் இருக்கிறது. பருவம் வரும் வயதில்தான் அது வேலையைத் தொடங்கும். கொழுப்பும் புரதமும் கலந்த கெட்டி நீர் அதிலிருந்து கசியும். இரண்டுமே புதிதாக வரும்போது ஏறக்குறைய மணமே இல்லாதவை. தோலில் குடியிருக்கும் பாக்டீரியா இந்தக் கெட்டி நீரைத் தின்று கழித்து வைப்பதைத்தான் நாம் நாற்றம் என்கிறோம். அதில் ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ். அது கந்தகம் கலந்த ஒரு பொருளை உண்டாக்கும். அழுகின வெங்காய வாடை வருவது அதனால்தான். அந்த வேலையைச் செய்யும் நொதியை இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அடையாளம் காட்டினார்கள். ஆச்சியின் பேரனுக்குப் பத்து வயதில் இல்லாத வாடை பதினாலில் வந்தது இப்படித்தான். அவன் அழுக்குப் பிள்ளை என்று அர்த்தமில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஏ.பி.சி.சி.11 என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருப்பவர்களுக்குக் காதுக் குறும்பி ஈரப்பசையில்லாமல் காய்ந்து உதிரும். அக்குள் வாடையும் மிகக் குறைவு. கொரியா, சீனா, ஜப்பான் பக்கம் பெரும்பாலோர் அப்படி. நம்மிடையே கொஞ்சப் பேர். ஆகவே "இந்த நேச்சுரல் ஸ்டிக் எனக்கு அற்புதமா வேலை செய்யுது" என்று ஒருத்தி வீடியோ போட்டால், அது ஸ்டிக்கின் பெருமையா, அவள் காதுக் குறும்பியின் பெருமையா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

டியோடரன்ட் என்பது நாற்றத்துக்கு. பாக்டீரியாவை அடக்கும், இல்லையென்றால் மணத்தால் மூடும். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்பது ஈரத்துக்கு. வேர்வைக் குழாயின் வாயை அடைத்துச் சுரப்பைக் குறைக்கும். அந்த அடைப்பு வேலையைச் செய்வது அலுமினிய உப்பு. அலுமினியம் இல்லாத எதுவும் ஈரத்தைத் தடுக்காது. மாவு போட்டுக் கொஞ்சம் உறிஞ்சலாம், அவ்வளவுதான்.

ஈரமா நாற்றமா என்பது தெரிந்த பிறகு நான் பார்ப்பது இவை: நம் ஊர் வெயிலில் எத்தனை மணி நேரம் தாங்குகிறது, தோல் என்ன சொல்கிறது, துணி என்ன ஆகிறது, மாதத்துக்கு என்ன செலவு. நம் ஊருக்கென்று தனியாக ஒன்று: மே மாதத்தில் அந்தப் பொருள் உருவம் மாறாமல் இருக்கிறதா. இது விளையாட்டுக்குச் சொல்வது இல்லை. பின்னால் வருகிறேன்.

## அலுமினியப் பயத்தில் எவ்வளவு உண்மை

"போட்டா மார்பகப் புற்றுநோய் வருமாமே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டது. ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போடுவதற்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. அக்குளில் தடவுவதில் எவ்வளவு உள்ளே போகிறது என்று 2001இல் ஒரு சோதனை நடந்தது: தடவிய அலுமினியத்தில் 0.012 சதவீதம். சோதித்தது இரண்டே பேரிடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2020இல் ஒரு வரம்பு சொன்னது. ஸ்ப்ரே அல்லாத வகைகளில் 6.25 சதவீதம் வரை அலுமினியம் இருந்தால் பாதுகாப்பானது என்பது அதன் முடிவு. அல்சைமர் என்ற மறதி நோய் வரும் என்ற பயமும் பழையதுதான். அலுமினியம் அந்த நோயை உண்டாக்குகிறது என்பது இதுவரை நிரூபணமாகவில்லை.

"வேர்வையை அடைச்சா உடம்பு நச்சு வெளிய போகாதே" என்பது அடுத்த கேள்வி. நச்சை வெளியேற்றும் வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும். வேர்வையின் வேலை உடம்பைக் குளிர்விப்பது. அக்குள் போக உடம்பு முழுக்க வேர்க்க இடம் இருக்கிறது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும்.

உண்மையாகவே யோசிக்க வேண்டியவர்கள் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அலுமினிய வகை போடக் கூடாது. உடம்பில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அமெரிக்காவில் இந்த எச்சரிக்கையைப் பொருளின் மேலேயே அச்சிட வேண்டும். இன்னொன்று, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போகும் அன்று எதையும் தடவாமல் போங்கள். அலுமினியத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து வீண் பயத்தைக் கிளப்பும்.

புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் கொதிக்க வைத்துக்கொண்டே அக்குளைப் பற்றிக் கவலைப்படும் வீடுகளும் எனக்குத் தெரியும். புளிப்பு பட்டால் அலுமினியம் கரையும். அந்தக் கவலைக்கு இரும்புச் சட்டியோ மண் சட்டியோ வாங்குவது முதல் வைத்தியம்.

## பாடி ஸ்ப்ரே: நீங்கள் ஏற்கெனவே "அலுமினியம்-ஃப்ரீ"தான்

நம் கடைகளில் விற்கும் டியோ ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை ஆல்கஹாலும் வாசனையும் காற்றழுத்த வாயுவும்தான். அவற்றில் அலுமினியம் கிடையாது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். "அலுமினியம் குளோரோஹைட்ரேட்", "அலுமினியம் சிர்கோனியம்" என்று இருந்தால்தான் உண்டு. டப்பாவே அலுமினியம் என்பது வேறு கதை.

ஆக, பத்து வருஷமாக ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருப்பவர் "இனிமே அலுமினியம் வேண்டாம்" என்று 499 ரூபாய்க்கு ஸ்டிக் வாங்குவது, இல்லாத கடனை வட்டியோடு அடைப்பது மாதிரி. ஆல்கஹால் கொஞ்சம் பாக்டீரியாவைக் கொல்லும், வாசனை இரண்டு மணி நேரம் நிற்கும். குளித்து, காய்ந்த உடம்பில் அடித்தால் சரி. வேர்த்த சட்டைக்கு மேல் அடித்தால் வாடையும் வாசனையும் கைகோத்துக்கொண்டு வரும். அந்தக் கலவைக்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. தேவகோட்டை டவுன் பஸ்ஸில் ஏறினால் புரியும்.

## அலுமினிய ரோல்-ஆன்

ஈரம்தான் பிரச்சினை என்றால் இதற்கு மாற்று கிடையாது. ஆனால் இதன் விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்க விதிப்படி ஒரு பொருளுக்கு ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்ற பெயர் கிடைக்க, வேர்வையை 20 சதவீதம் குறைத்தால் போதும். "எக்ஸ்ட்ரா" என்று போட்டுக்கொள்ள 30 சதவீதம். அதாவது நூறு சொட்டில் எண்பது சொட்டு வந்தாலும் அது பாஸ்தான். நாள் முழுக்கப் பஞ்சு மாதிரி உலர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பெரும்பாலோர் இதைத் தப்பாகப் போடுகிறார்கள். காலையில் குளித்து, ஈரம் சரியாகத் துடைக்காமல், உருட்டிவிட்டு உடனே சட்டை. அலுமினிய உப்பு குழாய்க்குள் போய் ஜெல் மாதிரி உறைய நேரம் வேண்டும். வேர்த்துக்கொண்டிருந்தால் அது அடித்துக்கொண்டு போய்விடும். ராத்திரி படுக்கும் முன், உலர்ந்த தோலில், மெல்லிசாக ஒரு தடவை உருட்டுங்கள். காலையில் குளித்தாலும் உள்ளே இருக்கும் அடைப்பு போகாது. சவரம் செய்த கையோடு போடாதீர்கள், எரியும்.

மறைந்திருக்கும் செலவு துணியில் வருகிறது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நடக்கிற சீமை இது. அந்த வெள்ளைச் சட்டையின் கக்கத்தில் பிடிக்கும் மஞ்சள் கறை, அலுமினிய உப்பும் வேர்வையும் சேர்ந்து உண்டாக்குவது. பிளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகும். ராத்திரியில் போடும் பழக்கம் வந்தால் கறை குறையும், ஏனென்றால் மேலே மிஞ்சியது காலைக் குளியலில் போய்விடுகிறது. 50 மில்லி 150 முதல் 250 ரூபாய். ஒழுங்காகப் போட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் வரும்.

## நேச்சுரல் ஸ்டிக்கும் கிரீமும்

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் நானே வாங்கிப் போட்டுப் பார்த்தேன். 499 ரூபாய். பெயர் வேண்டாம்.

இந்த வகையின் உள்ளே பொதுவாக இருப்பவை: தேங்காய் எண்ணெய், ஷியா வெண்ணெய், கூவைக்கிழங்கு மாவு, சமையல் சோடா, வாசனைத் தைலம். எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க. மாவு ஈரத்தை உறிஞ்ச. சோடா நாற்ற அமிலத்தை முறிக்க, பாக்டீரியாவுக்குப் பிடிக்காத சூழலை உண்டாக்க. தைலம் மணத்துக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் சமையல்கட்டிலேயே பாதி இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் உருகுவது 25 டிகிரிக்குப் பக்கத்தில். நமக்கு அது மார்கழி விடியற்காலையில் மட்டும் புட்டிக்குள் உறையும் சரக்கு. வைகாசியில் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். ஸ்டிக்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பட்டாலையில் உட்கார்ந்து மொய் எழுதப் பணம் எடுக்கலாம் என்று பையைத் திறந்தால், உள்ளே தேங்காய் பர்பி கிளறிய வாசம். மூடி இடுக்கு வழியாக எண்ணெய் ஒழுகி, மொய்க் கவரில் பாதி ஊறி, கவருக்குள் இருந்த நோட்டு கண்ணாடித் தாள் மாதிரி பளபளத்தது. பையில் மடித்து வைத்திருந்த கண்டாங்கிச் சேலையின் தலைப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பருத்தியில் எண்ணெய் பிடித்தால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். பயத்தமாவு போட்டு இரண்டு தரம் அலசி எடுத்தேன். ஸ்டிக்கை ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி உறைய வைத்தேன். உறைந்தது, ஆனால் மாவு அடியில் தங்கி, மேல் பாதி வெறும் எண்ணெயும் கீழ்ப் பாதி வெறும் சுண்ணாம்புமாக ஆகிவிட்டது.

சரி, அது வெயிலின் குற்றம். அடுத்தது சோடாவின் குற்றம். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். 5க்குப் பக்கம். சமையல் சோடா 8க்கு மேல், காரம். தினமும் அதைத் தேய்த்தால் தோலின் மேல் கவசம் கரைகிறது. எனக்கு ஒன்பதாம் நாள் சிவந்து, பத்தாம் நாள் ரவிக்கைத் தையல் உரசினாலே எரிந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்குக் கக்கச் சிவப்போடு வந்து களிம்பு கேட்பவர்களில் இந்தக் கதை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தைலங்களும் சும்மா இல்லை; லாவெண்டர், டீ ட்ரீ போன்றவை சிலருக்கு ஒவ்வாமை தரும். இயற்கை என்றால் சாது என்று யார் சொன்னது? சேராங்கொட்டையும் இயற்கைதான்.

என்னைக் கோபப்படுத்தியது இது இரண்டும் இல்லை. டப்பாவோடு வந்த துண்டுச் சீட்டு. "முதல் இரண்டு முதல் நான்கு வாரங்கள் நாற்றம் அதிகமாகலாம். உங்கள் உடல் நச்சுகளை வெளியேற்றுகிறது. பொறுமையாக இருங்கள்." நச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆன்டிபெர்ஸ்பிரன்ட் நிறுத்தினால் வேர்வை பழையபடி வரும், அடங்கியிருந்த பாக்டீரியா மறுபடி பெருகும். 2016இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 17 பேரை வைத்துச் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது: நிறுத்திய சில நாளில் பாக்டீரியா எண்ணிக்கை ஏறியது, வகைகளின் கலவையும் மாறியது. பாக்டீரியா குடி மாறுவதற்கு "டிடாக்ஸ்" என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அந்த நாலு வாரத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிடும். யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். சோடாவுக்குப் பதில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போட்ட வகைகள் பலருக்கு எரிச்சல் தருவதில்லை. ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் ஜிங்க் ரிசினோலியேட் நாற்றப் பொருளைக் கட்டிப் பிடிக்கும் நல்ல சரக்கு. ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், லேசான வாடை உள்ளவர், ரோல்-ஆன் போட்டால் அரிப்பு வருபவர், இவர்களுக்கு இப்படிப்பட்ட நல்ல நேச்சுரல் கிரீம் ஆறு ஏழு மணி நேரம் நாற்றத்தை அடக்கும். ஆனால் விளம்பரத்தில் வந்த 24 மணி நேரம்? நான் மதியச் சாப்பாட்டைத் தாண்டவில்லை. ஈரம்? முதல் ஒரு மணி நேரம் மாவு உறிஞ்சியது, அப்புறம் மாவே ஈரமாகி வெள்ளைத் திரியாக உருண்டு ரவிக்கையில் ஒட்டியது.

வாங்குவதென்றால் ஸ்டிக் வேண்டாம். டப்பாவில் வரும் கிரீமோ, எண்ணெய் இல்லாத ரோல்-ஆனோ வாங்குங்கள். "நேச்சுரல்" என்ற சொல்லை நம்பாதீர்கள். அழகுசாதனத்தில் அந்தச் சொல்லுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.கூட இலக்கணம் வகுக்கவில்லை. பட்டியலைப் படியுங்கள்.

## படிகாரம், அல்லது கண்ணாடிப் பேழையில் வரும் "கிரிஸ்டல்"

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இதுதான். ஆன்லைனில் "மினரல் கிரிஸ்டல் டியோடரன்ட், நூறு சதவீதம் இயற்கை" என்று வழவழப்பாக, முட்டை வடிவில், நானூறு ஐநூறு ரூபாய்க்கு ஒரு கல் வருகிறது. சில பெட்டிகளில் "அலுமினியம் குளோரோஹைட்ரேட் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பொய் இல்லை. அந்த உப்பு அதில் இல்லைதான். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்: பொட்டாசியம் ஆலம்.

அதாவது நம் படிகாரம். சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அது. கலங்கின ஊருணித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து நாலு சுற்றுச் சுற்றுவார்களே, அது. திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கடை வாசலில் தொங்குமே, அதுவேதான். இதன் முழுப் பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். நூறு கிராம் கல்லில் 5.7 கிராம் அலுமினியம். அலுமினியத்துக்குப் பயந்து ஓடியவர்கள், காசு கொடுத்து அலுமினியக் கல்லையே கையில் பிடித்திருக்கிறார்கள்.

"அந்த மூலக்கூறு பெருசுக்கா, தோலுக்குள்ள போகாது" என்று ஒரு தங்கை விளம்பர வாசகத்தை ஒப்பித்தாள். பக்கத்தில் பாரசிட்டமால் வாங்க நின்றிருந்த சிக்ரி ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சிரித்துவிட்டார். மின்வேதியியலுக்கென்றே 1953லிருந்து சிக்ரி என்ற மத்திய ஆய்வகம் இருக்கிற ஊரில் இப்படி ஒரு வாசகம் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஈரத் தோலில் தேய்த்ததும் கல் கரையும். கரைந்தால் அது படிகாரமாகவே இருக்காது; பொட்டாசியம், அலுமினியம், சல்பேட் என்று அயனிகளாகப் பிரிந்துவிடும். பெரிய மூலக்கூறு என்று உள்ளே ஒன்றும் உட்கார்ந்திருக்காது.

இப்படியெல்லாம் சொன்னாலும், பொருள் மோசமில்லை. எனக்குப் பிடித்தது இதுதான். படிகாரக் கரைசல் நல்ல அமிலம், துவர்ப்பு. பாக்டீரியாவுக்கு அந்தச் சூழல் ஆகாது. ஈரத்தைப் பெரிதாகக் குறைக்காது, வாடையை நன்றாக அடக்கும். வாசனை எதுவும் கிடையாது, எண்ணெய் கிடையாது, உருகாது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பாளத்தை எடுத்து, எடைக்கல்லால் ஒரு தட்டுத் தட்டி உடைத்து, பேப்பரில் சுற்றித் தருவார். 20, 30 ரூபாய்க்கு வாங்கினது எனக்கு ஒரு வருஷமாக வருகிறது.

உடைத்த கல்லின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அப்படியே தேய்த்தால் கீறும். துணி துவைக்கும் கல்லில் தண்ணீர் விட்டு மழுக்கிக்கொள்ளுங்கள். ஆத்தங்குடித் தரையில் தேய்த்துவிடாதீர்கள். சிமென்ட் ஓடு அமிலத்துக்குத் தாங்காது, பளபளப்புப் போய் வெள்ளைத் தடம் விழும். அப்புறம் வீட்டில் உங்களை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். குளித்துத் துடைத்ததும் கல்லை நனைத்து ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுத் தரம் தேய்த்து, காய விட்டுச் சட்டை போடுங்கள். கீழே போட்டால் சில்லு சில்லாகும். சவரக் கீறலில் பட்டால் சுரீர் என்கும். சிறுநீரகக்காரர்களுக்கு நான் மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

## இன்னும் இரண்டு

அமில ரோல்-ஆன் என்று இப்போது புதிதாக வருகிறது. லாக்டிக், மேன்டலிக், கிளைகாலிக் அமிலம் போட்டது. அலுமினியம் உண்மையாகவே இல்லை. தோலின் அமிலத்தன்மையைக் கூட்டி பாக்டீரியாவை ஒடுக்கும். வாடைக்கு நன்றாக வேலை செய்கிறது, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. அலுமினியமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். சவரம் செய்த அன்று போடக் கூடாது. வெறும் தோள் வெயிலில் படும்படி உடுத்துபவர்கள் பார்த்துப் போடுங்கள்.

மற்றது சோப்பும் துணியும். அக்குள் முடியைக் குறைத்தால் வாடை குறையும். நின்று நிதானமாகச் சோப்புத் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காய வைத்தாலே பாதிப் பேருக்கு டியோ தேவைப்படாது. துணியைப் பாருங்கள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2014இல் உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை முகர்ந்து சோதித்தார்கள். பாலியஸ்டர் சட்டைதான் பருத்தியைவிட நாறியது. நீங்கள் கட்டுவது பருத்திச் சேலையாக இருக்கலாம், ரவிக்கையின் லைனிங் என்ன என்று தையல்காரரைக் கேளுங்கள். நலங்குமாவு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு தேய்த்துக் குளிப்பது சுகம், சுத்தம், ஆனால் தண்ணீரோடு போய்விடும். ஜவ்வாது வாசனைக்கு மட்டும். உப்புக்கறியில் போடுகிற பூண்டையும் வெங்காயத்தையும் வரமிளகாயையும் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவை வேர்வையில் தெரியும் என்பது உண்மை. அதற்காக உப்புக்கறியை விட முடியுமா?

## ஒரே பார்வையில்

| வகை | அலுமினியம் | வாடைக்கு | ஈரத்துக்கு | துணிக்கும் தோலுக்கும் | மாதச் செலவு, சுமாராக |
|---|---|---|---|---|---|
| பாடி ஸ்ப்ரே | பெரும்பாலும் இல்லை | 2 மணி நேர மணம் | இல்லை | சவரம் செய்த தோலில் எரியும் | 200 முதல் 300 ரூபாய் |
| அலுமினிய ரோல்-ஆன் | உண்டு | நன்று | இது ஒன்றுதான் குறைக்கும் | வெள்ளையில் மஞ்சள் கறை | 75 முதல் 125 ரூபாய் |
| நேச்சுரல் ஸ்டிக், கிரீம் | இல்லை | ஆளைப் பொறுத்தது | முதல் ஒரு மணி நேரம் | எண்ணெய்க் கறை, சோடா எரிச்சல், உருகல் | 200 முதல் 300 ரூபாய் |
| படிகாரம் | உண்டு | நன்று | சொற்பம் | கறை இல்லை. கீறலில் எரியும் | 2, 3 ரூபாய் |
| அமில ரோல்-ஆன் | இல்லை | நன்று | இல்லை | சவரத்தன்று ஆகாது | 150 முதல் 250 ரூபாய் |

விலையெல்லாம் எங்கள் கடைப் பக்கம் நான் பார்க்கும் விலை. ஆன்லைனில் தள்ளுபடி போட்டால் மாறும்.

## அந்த மூவருக்கு

ஆசிரியருக்குத் தொல்லை ஈரம். வெளிர்நீலச் சட்டையில் கக்கத்துக்குக் கீழே கருநீல வட்டம் விழுவதைப் பையன்கள் பார்த்துச் சிரிக்கிறார்களாம். அவருக்கு அலுமினிய ரோல்-ஆன், ராத்திரியில். அதற்கும் அடங்காமல், உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் சேர்ந்து சொட்டச் சொட்ட வேர்த்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள் என்றேன். அதற்குத் தனி மருந்து இருக்கிறது. வேர்வை திடீரென்று கூடினாலோ, ராத்திரி படுக்கை நனைந்தாலோ, உடம்பு வாடையே மாறினாலோ டியோவைத் தேடக் கூடாது, டாக்டரைத் தேட வேண்டும்.

கல்யாணப் பெண்ணுக்கு வேண்டியது ஒரே ஒரு நாள். பட்டுப் புடவை, ஹோமப் புகை, வீடியோ விளக்கு, விடியலிலிருந்து சாயங்காலம் வரை. அன்றைக்கு நேச்சுரல் ஸ்டிக்கைச் சோதித்துப் பார்க்காதே என்றேன். ஒரு வாரம் முன்பிருந்து ராத்திரி ரோல்-ஆன், ரவிக்கைக்குள் வேர்வைத் துணி வைத்துத் தைக்கச் சொல், கல்யாணம் முடிந்த பிறகு உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள். "அலுமினியம் இருக்கேக்கா" என்று இழுத்தாள். ஆனி வரை யோசிக்கட்டும்.

ஆச்சியிடம், தம்பிக்கு டியோவே வேண்டாம், தினம் இரண்டு வேளை சோப்பு, துவைத்த சட்டை, படிகாரம் போதும் என்றேன். படிகாரத்தின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம வீட்டு நிலையில கட்டித் தொங்குதேம்மா. அதையே ஒடச்சுக் குடுத்துர்றேன்."

வேண்டாம் ஆச்சி, அது ஆடியிலிருந்து புகையும் தூசியும் குடித்த கல், பத்து ரூபாய்க்குப் புதுசு கிடைக்கும் என்றேன். பேரன் அப்போதுதான் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "திருஷ்டிக் கல்லையா?" என்றான்.